கண்ணைக் கட்டிக் கேட்ட நாகஸ்வரம்

உங்கள் ஹெட்போனைக் காதில் மாட்டியதும் தேங்காய் எண்ணெய் வாசனை வந்தது. நீங்கள் போய் ஏழு மாதம் ஆகியும் காது மெத்தையில் உங்கள் தலை எண்ணெய் அப்படியே இருக்கிறது. துடைக்க மனம் வரவில்லை.

போன வாரம் உங்கள் வேங்கிக்கால் வீட்டுக்குப் போனபோது உங்கள் மனைவி ஒரு அட்டைப்பெட்டியைக் கொடுத்தார். “இதெல்லாம் உங்களுக்குத்தான்ணா பிரயோஜனம்” என்றார். ஹெட்போனுக்கு அடியில் ஒரு நீல நோட்டு. கலெக்டர் ஆபீசில் பக்கத்து மேசையில் இருந்த காலத்திலேயே எதையும் குறித்து வைப்பீர்கள். ஆனால் கம்ப்யூட்டரில் பாட்டுக் கேட்கிற பிளேயர்களைப் பற்றி ஒரு நோட்டே போட்டிருப்பீர்கள் என்று நான் நினைக்கவில்லை.

ஞாயிறு காலைகளில் நாம் போட்ட சண்டை தெருவுக்கே தெரியும். ஆபீசில் எனக்கு ‘நல்ல காது’ என்று பேர். எனக்கு நானே வைத்துக்கொண்ட பேர்தான். என் பிளேயரில் ஒலி கலப்படமில்லாமல் நேராக வருகிறது என்று அடித்துப் பேசுவேன். அது திறப்பதற்குள் விடிந்துவிடும், வாராவாரம் புதுப்பிக்கச் சொல்லிக் கழுத்தறுக்கும் என்பதையெல்லாம் மூச்சு விடமாட்டேன். உங்களுடையது சாம்பல் நிறத்தில், அரசாங்க விண்ணப்பப் படிவம் மாதிரி இருக்கும். ஆனால் தட்டியதும் திறக்கும். நேற்று விட்ட இடத்திலிருந்து பாடும். பேரில் பாதி அடித்தாலே பாட்டை எடுத்துக் கொடுக்கும்.

“பாட்டத் தேடி எடுக்கறதுக்குள்ள காபி ஆறிப்போச்சுன்னா, சத்தம் எவ்ளோ நல்லா இருந்து என்ன சார்?” என்பீர்கள்.

நான்கு வருடத்துக்கு முன் ஒரு ஞாயிறு, “பேசிட்டே இருந்தா எப்படி? கேட்டுப் பார்த்துடலாம்” என்று என் கண்ணைத் துண்டால் கட்டினீர்கள். கீழ்பென்னாத்தூர் உரக்கடை நண்பரும் உங்கள் மனைவியும் சாட்சி. தேரடி வீதியில் நீங்களே பதிவு செய்த நாகஸ்வரத்தை, ஆட்டோ ஹாரன் உட்பட, இதே ஹெட்போனில் மூன்று முறை ஓட்டினீர்கள்.

நான் தீர்ப்புச் சொன்னேன். “மொதலாவது மந்தம். ரெண்டாவதுதான் என்னோடது, தாளம் தனியா கேக்குது. மூணாவது மறுபடியும் உங்களோடது.”

“காதுன்னா இது காது சார்!” என்று கை தட்டினீர்கள். மற்ற இருவரும் தட்டினார்கள். வீடு திரும்பும்போது ஆட்டோக்காரரிடம்கூட அந்த வெற்றியைச் சொன்னேன். அதன்பின் பார்த்தவரிடமெல்லாம் சொன்னேன்.

நோட்டில் அந்த நாளின் பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறீர்கள்: “மூணு தடவையும் என்னோட பிளேயர்தான் போட்டேன். ரெண்டாவதுக்கு மட்டும் சத்தம் கொஞ்சம் ஜாஸ்தி. ஜாஸ்தி வெச்சா நல்லா இருக்கறதா தோணுது. நேத்து தனியா போட்டுப் பாத்தப்ப நானும் அப்படித்தான் ஏமாந்தேன். சார் முகத்துல அவ்ளோ சந்தோஷம். சொல்ல வேணாம்.”

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஊரெல்லாம் நான் அளந்ததை வாபஸ் வாங்க வேண்டும் என்று நேற்று நோட்டோடு உங்கள் வீட்டுக்கே போனேன். பாதி சொல்வதற்குள் உங்கள் மனைவி சிரித்துவிட்டார்.

“எங்களுக்கு அன்னிக்கே தெரியும்ணா. ஸ்கிரீன் எங்க எதிர்லதானே இருந்துச்சு? உரக்கடைக்காரரு சிரிக்கப் போனாரு. இவருதான் வாயில விரல வெச்சு அடக்கிட்டாரு.”

ஆக, அத்தனை ஞாயிறும் நான் விட்ட சவடாலை மூன்று பேரும் சிரிக்காமல் கேட்டிருக்கிறீர்கள். ஜெயித்துவிட்டு அதை ஒளித்து வைத்த மனிதரை நான் வேறெங்கும் பார்க்கவில்லை சார். என்னால் முடிந்திருக்காது. தெரு முனை வரை கேட்கிற மாதிரி சொல்லியிருப்பேன்.

இன்று காலை உங்கள் சாம்பல் நிறப் பிளேயரை என் கம்ப்யூட்டரில் போட்டேன். தட்டியதும் திறந்தது, காபி ஆறவில்லை. நாகஸ்வரத்தை ஓடவிட்டு, சத்தத்தைக் கொஞ்சம் ஜாஸ்தி வைத்து, கண்ணை மூடினேன். அன்று துண்டு மறைத்தது இப்போது தெரிந்தது. வாயில் விரல் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தபடி நிற்கிறீர்கள்.