பப்பாளி மேல் போட்ட பழி

பிப்ரவரி 4, 2025 – செவ்வாய்

சுகாதார நிலையத்தில் இன்று கர்ப்பிணிகள் நாள். முப்பத்தொரு பேர். எல்லோருக்கும் ரத்தம் பார்த்துவிட்டுக் கடைசியாக என் மருமகள் பவித்ராவின் விரலில் குத்தினேன். ஐந்தாம் மாதம். ஹீமோகுளோபின் எட்டுப் புள்ளி நாலு. பதினொன்று இருக்க வேண்டும். ஏதோ மெஷின்தான் தப்புச் செய்த மாதிரி இன்னொரு விரலிலும் குத்தினேன். அதே எட்டுப் புள்ளி நாலு.

டாக்டர் கிருஷ்ணப்பிரியா அட்டையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "என்ன சிஸ்டர், உங்க வீட்டுலயேவா?"

இருபத்தெட்டு வருஷம் கிராம சுகாதார செவிலியர். ஆறில் கிடந்தவளை எல்லாம் பதினொன்றுக்கு ஏற்றியவள் நான். ஊருக்குத்தான் உபதேசம்.

பிப்ரவரி 6 – வியாழன்

மாத்திரையை ஒழுங்காகத்தான் போடுகிறாள், அட்டையை எடுத்து எண்ணிப் பார்த்துவிட்டேன். கீரை தின்கிறாள், முட்டை தின்கிறாள். பழம் மட்டும் வாயில் படுவதில்லை. இரும்புச்சத்து மாத்திரையை வெறுமனே விழுங்கினால் பாதிதான் உடம்பில் சேரும். கூட ஒரு கொய்யாவோ ஆரஞ்சோ வேண்டும். பூந்தமல்லியில் இறங்கி இரண்டும் வாங்கி வந்தேன்.

"வேணாம் அத்தை. பழம்னாலே வயித்தைக் கலக்குது."

எல்லாவற்றையும் என் மகன் சரண்தான் தின்று தீர்த்தான். அவனுக்கென்ன, குண்டோதரன்.

பிப்ரவரி 7

அவள் ஏன் தொடுவதில்லை என்று எனக்குத் தெரியாதா?

பிப்ரவரி 11 – செவ்வாய்

இன்று சத்துணவு பற்றி நான்தான் பேசினேன். மனப்பாடமாக வரும். கொய்யாவில் ஆரஞ்சைவிட வைட்டமின் சி அதிகம். மலச்சிக்கலுக்கு வாழைப்பழம். நாவல்பழம் தின்றால் பிள்ளை கறுப்பாகப் பிறக்கும் என்பதெல்லாம் கட்டுக்கதை. பப்பாளிக் காயில்தான் பால் இருக்கும், அது ஆகாது. நன்றாகப் பழுத்ததை அளவாகச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது.

எங்கள் தெரு ஜமீலா எழுந்தாள். மூன்றாம் மாதம். "சிஸ்டர், பப்பாளி சாப்ட்டுதானே உங்க மருமகளுக்கே கலைஞ்சிச்சு?"

"யார் சொன்னது?"

"உங்க நாத்தனார்தான் சொன்னாங்க."

முப்பது பேரும் என்னையே பார்த்தார்கள். "அது வேற" என்று சொல்லிவிட்டுத் தடுப்பூசிக்குத் தாவிவிட்டேன்.

அது வேறயாம். என்ன வேற?

பிப்ரவரி 12 – புதன்

இந்த நோட்டிலாவது எழுதிவிடுகிறேன்.

2023 ஆகஸ்ட். பவித்ராவுக்குப் பத்தாவது வாரம். ஆசைப்பட்டு ஒரு கிண்ணம் பப்பாளி சாப்பிட்டாள். இரண்டு நாளில் ரத்தப்போக்கு. ஆஸ்பத்திரியில் அவள் வலியில் கிடந்தாள்; ஸ்கேன் ரிப்போர்ட் என் கைக்குத்தான் வந்தது. கரு ஏழாவது வாரத்திலேயே வளர்ச்சி நின்று போயிருந்தது. துடிப்பு இல்லை. அந்த டாக்டரும் சொன்னார், இது யார் தப்பும் இல்லை, நிறையப் பேருக்கு நடப்பதுதான் என்று. ஏழாம் வாரத்தில் நின்றதைப் பத்தாம் வாரத்தில் தின்ற பப்பாளி என்ன செய்யும்? பத்தாவது படித்த பிள்ளைகூடச் சொல்லிவிடும்.

மறுநாள் நாத்தனார் நாகம்மாள் வந்தார். வீடு நிறைய ஜனம். "இன்னா கோமளா, ஊருக்கெல்லாம் நீ பாக்குற. உன் ஊட்லயே இப்டி ஆயிடுச்சே? நீ கவனிக்கலியா?"

என் வாய் சொன்னது: "சொன்னா கேட்டாத்தானே அண்ணி. பப்பாளியைத் தின்னுட்டா."

அவ்வளவுதான். என் பெயர் தப்பித்தது. உள்ளே படுத்திருந்த பவித்ராவுக்கு அது கேட்டிருக்கும் என்று அப்போதே தெரியும். நர்ஸ் சொன்னால் நம்பாமல் இருப்பாளா? பழி ஓரிடம், பாவம் ஓரிடம். ரிப்போர்ட்டை என் பீரோவில் வைத்துப் பூட்டினேன். சே! நானெல்லாம் ஒரு மனுஷியா?

பிப்ரவரி 13

சொல்லவில்லை.

பிப்ரவரி 14

இன்றும் சொல்லவில்லை. சரண் சீக்கிரம் வந்துவிட்டான் – நல்ல சாக்கு.

பிப்ரவரி 16 – ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

சரண் முடிவெட்டப் போயிருந்தான். பவித்ரா துணி மடித்துக்கொண்டிருந்தாள். ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்து, எந்த வரி என்று விரல் வைத்துக் காட்டினேன். இரண்டு தடவை படித்தாள்.

"ஏழு வாரம்னு போட்டிருக்கு. நான் பப்பாளி சாப்பிட்டது?"

"பத்தாவது வாரம்மா."

"அப்போ… நான் கொல்லலையா அத்தை?"

ஒன்றரை வருஷமாக இந்தப் பெண் இதையா சுமந்துகொண்டிருந்தாள்? எதைத் தின்றால் இதுவும் போய்விடுமோ என்றுதானே பழத்தையே விட்டாள்! "இல்லம்மா, இல்ல" என்றேன். எத்தனை தடவை என்று நினைவில்லை.

அழுது முடித்துவிட்டுக் கேட்டாள். "இது உங்களுக்கு அப்பவே தெரியும்ல?"

"தெரியும்."

நாலு வார்த்தை திட்டுவாள் என்று நின்றேன். திட்டவில்லை. மடித்த துணியில் தன்னுடையதையும் சரணுடையதையும் மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். என்னுடையது கட்டிலிலேயே கிடந்தது.

பிப்ரவரி 18

இரண்டு நாளாக என்னோடு பேச்சில்லை. சரணுக்கும் சொல்லியிருக்கிறாள். அவன் சாப்பிடும்போது தட்டை விட்டுத் தலையைத் தூக்கவே இல்லை. இரவில் மட்டும், "ஏம்மா இப்டி பண்ண?" என்றான்.

பிப்ரவரி 20

பவித்ராவே வந்து பேசினாள். "யார் யார்கிட்ட சொன்னீங்களோ, அவங்க எல்லார்கிட்டயும் போய்ச் சொல்லுங்க அத்தை. முதல்ல எங்கம்மாகிட்ட."

பிப்ரவரி 22 – சனி

மாங்காட்டுக்குப் போனேன். பஸ்ஸில் வழியெல்லாம் ஒத்திகை பார்த்தது ஒன்றும் வாயில் வரவில்லை, உடைத்துச் சொல்லிவிட்டேன். சம்பந்தியம்மா காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"எம்பொண்ணு தெரியாம பண்ண பாவம்னு அம்மன் கோயிலுக்கு ஆறு வாரம் எலுமிச்சம்பழம் எடுத்துட்டுப் போனேங்க. ஒவ்வொரு வாரமும் மன்னிச்சிடு தாயேன்னு கும்பிட்டேன். நான் மன்னிப்புக் கேட்டது யார் பண்ண பாவத்துக்குங்க?"

பூமி பிளந்து உள்ளே போய்விட்டால் தேவலை என்றிருந்தது. காபியைக் குடிக்காமல் எழுந்து வந்தேன். அவரும் குடியுங்கள் என்று சொல்லவில்லை.

மார்ச் 2 – ஞாயிறு

நாத்தனார் வீடு. முழுதும் கேட்டுவிட்டுக் கையைத் தட்டினார். "நல்லா கீதும்மா நாயம்! நீ சொன்னேன்னுதானே நான் ஊடு ஊடா போய் சொல்லிகினு வந்தேன்? இப்போ நான் இல்ல பொய்க்காரி?"

"நான்தான் அண்ணி பொய்க்காரி. அப்படியே சொல்லுங்க."

"அத நீ சொல்லணுமாக்கும்?" என்றார். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கத் தெரிந்திருக்கும். இந்த ஒரு விஷயத்தில் நாத்தனாரை நம்பலாம்.

மார்ச் 4 – செவ்வாய்

ஜமீலா கேட்டது எல்லோர் முன்னாலும். அதனால் பதிலையும் எல்லோர் முன்னாலும்தான் சொன்னேன். பின்வரிசையில் யாரோ, "நர்ஸம்மாவே இப்டின்னா?" என்றார்கள். டாக்டர் கிருஷ்ணப்பிரியா அடுத்த அட்டையை எடுத்தார்.

பவித்ராவுக்கு எட்டுப் புள்ளி ஒன்பது. இரும்புச்சத்து ஊசி எழுதியிருக்கிறார்.

மார்ச் 9

நான் வாங்கி வந்த ஆரஞ்சு தொடாமல் இருக்கிறது. சரணைக் கொய்யா வாங்கி வரச் சொல்லி, உப்பு மிளகாய்த்தூள் தொட்டு இரண்டு தின்றாள். தின்றாளே, அது போதும். யார் வாங்கினால் என்ன?

என்னமோ போல்தான் இருக்கிறது.

ஏப்ரல் 1 – செவ்வாய்

பத்துப் புள்ளி மூன்று! ஊசியா, பழமா, மனசா? எல்லாம்தான்.

ஏப்ரல் 6 – ஞாயிறு

ஜமீலா வீட்டுக்கு வந்திருந்தாள். வாசலில் பவித்ராவோடு பேசுவது அடுப்படிக்குக் கேட்டது.

"அக்கா, அன்னாசிப்பழம் சாப்பிடலாமா? உள்ள உங்க அத்தை இருக்காங்கல்ல, ஒரு வார்த்தை கேட்டுச் சொல்றீங்களா?"

"அத்தைகிட்ட வேணாம்" என்றாள் பவித்ரா. கோபமே இல்லாத குரல். "செவ்வாய்க்கிழமை டாக்டரையே கேட்டுடு. நான் அப்படித்தான் கேட்டுக்கறேன்."

குழம்பு கொதித்தது. அடுப்பைக் குறைத்தேன்.