வேனில் ஏற்றாத நாள்

அன்புள்ள அம்மாவுக்கு, அம்பத்தூரிலிருந்து சந்தியா எழுதறேன். நான் நல்லாத்தான் இருக்கேன். உன் முட்டி வலி குறைஞ்சுதா? தம்பி ஒழுங்கா பள்ளிக்கூடம் போறானா?

நேத்து எங்க தையல் கம்பெனிக்கு லேபர் ஆபீசர் வந்தார், சின்னப் பிள்ளைங்க யாராவது வேலை செய்யறாங்களான்னு பார்க்க. அவர் வர்றது முதலாளிக்கு எப்படியோ முன்னாடியே தெரிஞ்சுடும். உடனே சின்னதுங்களை வேன்ல ஏத்தி, பருத்திப்பட்டு ஏரிக்குக் கூட்டிட்டுப் போய் ஐஸ் வாங்கிக் கொடுப்பாங்க. போன வருஷம் நானும் போனேன். நேத்தும் ஓடிப்போய் ஏறினேன். சூப்பர்வைசர் சிரிச்சார். “நீ இன்னாத்துக்கும்மா? ரெண்டு புள்ள பெத்தவ மாதிரி கீற. போய் மிஷின்ல குந்து.”

எனக்குச் சந்தோஷம்தான். ஆபீசர் வயசு கேட்டா பதிமூணுன்னு உண்மையைச் சொல்லிடலாம், ஊருக்கு அனுப்பிடுவாங்கன்னு நெனச்சேன். அவர் என் மிஷின்கிட்ட நின்னு என்னை நேராப் பார்த்தார். ஒண்ணும் கேட்காம அடுத்த மிஷினுக்குப் போயிட்டார். பின்னாலேயே சூப்பர்வைசர் நின்னதால எனக்கும் வாய் வரலை.

நீ கவலைப்படாதே. ஊருக்கு வர்ற சுதாக்கா கையில இதைக் கொடுக்கறேன், அவங்களுக்குப் பஸ்ஸுக்கு நேரமாச்சு. அவங்க திரும்பும்போது தேங்காய் எண்ணெய் கொடுத்தனுப்பு. ஆறாவது படிக்கும்போது எடுத்த என் போட்டோவும் வேணும். என் மூஞ்சி எப்படி இருந்துச்சுன்னு பார்க்கணும்மா.

உன் மக,
சந்தியா