நூர் முகமது கேட்ட கேள்வி

சந்தோஷ் நகர், ஹைதராபாத்
12-8-2004

அன்பு மகள் வர்ஷினிக்கு,

அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் கௌஷிக் காதில் விழும், அதனால்தான் கடிதம்.

ஜூன் மாதத்திலிருந்து உன் தம்பியால் கம்பெனி பஸ்ஸில் ஏற முடியவில்லை. ஸ்டாப்பில் நிற்பான். பஸ் வந்ததும் வியர்த்துக் கொட்டும், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுவான். ஈ.சி.ஜி., எக்கோ எல்லாம் எடுத்தாயிற்று. இதயத்தில் ஒரு குறையும் இல்லையாம். கடைசியில் அந்த இதய டாக்டரே நூர் முகமது என்ற மனநல கவுன்சலரிடம் அனுப்பினார்.

அங்கே என்னதான் செய்வார்கள் என்று பார்க்க எனக்கு ஒரே ஆவல். படுக்க வைத்துக் கண்ணை மூடச் சொல்வார் என்று நினைத்திருந்தேன். மெஹதிப்பட்டணத்தில் ஒரு மாடி அறை, மூன்று பிரம்பு நாற்காலி, அவ்வளவுதான். அவருக்குச் சொந்த ஊர் வாணியம்பாடியாம். எப்படி இந்த வேலைக்கு வந்தீர்கள் என்று நானே கேட்டுவிட்டேன். மல்லாபூரில் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தாராம். அங்கே ஒருமுறை தீப்பிடித்திருக்கிறது. காயம்பட்டவர்கள் குணமாகி வேலைக்கு வந்துவிட்டார்கள். ஒரு கீறல்கூடப் படாத சிலரால் கேட்டைத் தாண்ட முடியவில்லையாம். "ஏன்னு எனக்குப் புரியவே இல்லம்மா. புரிஞ்சுக்கத்தான் படிக்கப் போனேன்" என்றார்.

கௌஷிக் பாதி தெலுங்கிலும் பாதி இங்கிலீஷிலும் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். அவர் புத்திமதி ஒன்றும் சொல்லவில்லை. "பஸ்ஸைப் பார்த்ததும் யார் ஞாபகம் வருது தம்பி?" என்று மட்டும் கேட்டார். நான் வாயைத் திறந்தேன். பொறுங்கள் என்று கையைக் காட்டினார். வெகுநேரம் கழித்து அவன் என்னைப் பார்த்துத் தமிழில் கேட்டான்: "அம்மா, அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சிருக்குமா?"

காஞ்சன்பாக் போகிற ஆபீஸ் பஸ்ஸில், ஜன்னலோர சீட்டிலேயே உன் அப்பாவின் உயிர் போய் இரண்டு வருஷம் ஆகிறது. அந்தக் காலையைப் பற்றி நாம் மூவரும் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"உனக்கு அப்படி ஆகாது" என்று நூர் முகமது கௌஷிக்கிடம் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, "தெரிஞ்சதைச் சொல்லுங்கம்மா" என்றார். சொன்னேன். அன்று பஸ்ஸில் பக்கத்து சீட்டில் இருந்த புருஷோத்தமன், அப்பா தூங்குவதாகவே நினைத்தாராம். கௌஷிக் அழுதான். பிறகு கேள்விமேல் கேள்வி கேட்டான். வலித்திருக்குமா, கடைசியாக என்ன பேசினார் என்றெல்லாம்.

போன சனிக்கிழமை அவரே எங்களோடு டவுன் பஸ் ஏறினார். "பயம் வந்தா வரட்டும் தம்பி. எறங்கிடாதீங்க, அது என்ன பண்ணுதுன்னு பாருங்க" என்றார். கௌஷிக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். மலக்பேட்டை தாண்டியதும் பிடி தளர்ந்தது. வாணியம்பாடி பிரியாணி நன்றாக இருக்குமா என்று அவரிடம் கேட்டான்! திங்கட்கிழமை ஆபீஸ் போனான். நேற்று பாதி வழியில் இறங்கிவிட்டான். இன்று மறுபடியும் போயிருக்கிறான்.

வர்ஷினி, ஞாயிறுதோறும் சமையலும் உங்கள் ஊர்க் குளிரும் பேசி போனை வைத்துவிடுகிறோம். இந்த ஞாயிறு அப்பாவைப் பற்றி ஏதாவது கேளேன். அழுகை வந்தால் அழு. நான் போனை வைக்க மாட்டேன்.

நீங்கள் இருவரும் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும்.

உன் அம்மா,
கல்பகம்