சுவரில் கோட்டு போட்ட நைனா

திருவொற்றியூர் குப்பம்,
ஞாயிறு காலை.

அன்பு மகள் கீர்த்திக்கு அம்மா எழுதுவது. வேளைக்குச் சோறு தின்கிறேன், கொஞ்சம் தூங்குகிறேன், அதனால் நலம் என்றே வைத்துக்கொள். ஆப்பிரிக்காவில் பள்ளிக்கூடச் சுவருக்குப் படம் வரைகிற இடத்தில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு நலமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன், எழுத்து விட்டுப்போயிருந்தால் சேர்த்துப் படித்துக்கொள்.

உன்னை மாதிரியே ஊர் விட்டு ஊர் வந்து படம் வரைகிற வெள்ளைக்காரப் பிள்ளைகள் நாலு பேர் போன மாதம் நம் குப்பத்துக்கு வந்தார்கள். மீன் ஏலக் கொட்டகைச் சுவரில் கடலுக்குப் போகிற ஆள் ஒருவரை வரையப் போகிறோம், போட்டோ வேண்டும் என்றார்கள். நான் முந்திக்கொண்டு உன் நைனா காரியத்துக்கு வைத்த கண்ணீர் அஞ்சலி பேனரைக் கொடுத்துவிட்டேன், வீட்டில் பெரிய படம் அதுதானே. ஸ்டுடியோக்காரன் அதில் அவருக்கு யாருடையதோ கோட்டும் டையும் மாட்டிவிட்டிருந்தான், உனக்கு ஞாபகம் இருக்கும். அந்தப் பிள்ளைகள் ஒரு பொத்தான் குறையாமல் அப்படியே பத்தடி உயரத்துக்கு வரைந்துவிட்டார்கள். ஏலம் கூறுகிற டில்லிபாபு என்னிடம், இன்னா அண்ணி, அண்ணன் கப்பல் கம்பெனில மேனேஜர் ஆயிட்டாரு, ஒரு வார்த்த சொல்லவே இல்லியே என்கிறான். மீன் விற்கிற ரேகா, ஆபீசர் பாத்துகினே கீறாரு, நண்டு வெலய ஏத்திச் சொல்ல வாய் வரல என்கிறாள். ஒரு நல்லது, சுவரோரம் குடிக்கிறவர்களும் ஒன்றுக்குப் போகிறவர்களும் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள், காலையில் யாரோ கற்பூரம் வேறு ஏற்றுகிறார்கள். எல்லோரோடும் நானும் சிரித்தேன். ஆனால் அவர் முகம் மறந்துபோகுமோ என்று ஆறு மாதமாகப் பயந்துகொண்டிருப்பவள் நான், இப்போது கண்ணை மூடினால் அந்தக் கோட்டுக்காரர்தான் வருகிறார். பிள்ளைகள் வெள்ளிக்கிழமை கிளம்புகிறார்கள் என்றதும், வியாழக்கிழமை மத்தியானம் அவர்கள் சாப்பிடப் போன நேரம் நானே ஏணியில் ஏறி வெள்ளைப் பெயிண்டால் டையை அழித்தேன். கழுத்தில் மாவுக்கட்டு போட்ட மாதிரி ஆகிவிட்டது. திரும்பி வந்த மார்த்தா என்ற பெண் பார்த்துவிட்டாள். இது என் வீட்டுக்காரர், இவருக்குப் பனியன்தான் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். அவள் கோபிக்கவில்லை, பெரிய பிரஷாக ஒன்று கொடுத்துவிட்டு ஏணியைப் பிடித்துக்கொண்டாள். கொட்டகையே கூடிவிட்டது. பனியன்ல ஓட்ட வை என்று ஒருத்தன், தலையில துண்டு இல்லாம அண்ணன் என்னிக்கு இருந்தாரு என்று டில்லிபாபு. கோட்டின் மேல் நான் வரைந்த பனியன் கோணல்தான், ஒரு தோள் ஏறியிருக்கிறது, நிஜத்திலும் வலை இழுத்து இழுத்து அவருக்கு அப்படித்தான். மேலே நின்றபோது அவர் கன்னம் என் முகத்துக்கு நேராக இருந்தது, என்னை விட்டுப் போனதற்கு நாலு வார்த்தை மெதுவாகத் திட்டினேன். அன்றைக்கு ராத்திரி கனவில் லுங்கியோடுதான் வந்தார்.

அதனால் சொல்கிறேன் கண்ணு, நீ அங்கே யார் வீட்டு மனுஷனை வரைந்தாலும் அந்த வீட்டுப் பொம்பளையைக் கூப்பிட்டுக் காட்டு. அவள் ஒன்றும் சொல்லாமல் சிரித்தால் நம்பாதே, பிரஷைக் கொடுத்துப் பார்.

நீ இருக்கிற கரையிலும் கடலம்மா உனக்குத் துணை இருப்பாள். தண்ணீரைக் காய்ச்சிக் குடி, மறக்காதே.

உன் அம்மா
பவுனம்மாள்