கோழிப் பண்ணைக்காரரின் ஆறாத புண்

மரியாதைக்குரிய அம்மாவுக்கு,

மூட்டுவலி தேவலையா? நான் சௌக்கியம்.

“கோழிப்பீ நோண்டவா உங்கப்பா போனப்புறம் உன்னைக் கான்வென்ட்ல படிக்க வெச்சேன்?” என்றீர்களே, இதைக் கேளுங்கள். ஒரு பண்ணைக்காரர் நோயே இல்லாத கோழிகளுக்கும் தீவனத்தில் மருந்து கலக்கிறார். அவர் பண்ணையிலிருந்து எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்த கோழி எச்சத்தில் இருந்த கிருமி அந்த மருந்துக்கு அசையவே இல்லை. அதைச் சொன்னதும், “கண்ணு தெரியாம உளறாதீங்கம்மா!” என்று என் தடித்த மூக்குக்கண்ணாடியைக் காட்டிக் கத்தினார். ஆட்டிய கையில் கட்டு. கோழி கொத்திய புண்ணாம். அதே மருந்தை மாத்திரையாக விழுங்கியும் ஆறவில்லையாம்.

“கத்தினது போதும், உட்காருங்க,” என்று புண்ணிலிருந்து மாதிரி எடுத்தேன். அதே கிருமிதான்! வேறொரு மருந்துக்கு மட்டும் செத்தது. டாக்டர் அதைக் கொடுத்தார்; புண் ஆறியது. நேற்று வந்து, “தீவனத்துல கலக்குறதை நிறுத்திட்டேன்மா,” என்றார். என் கண்ணைப் பற்றிப் பேச்சே இல்லை.

மூக்குக்கண்ணாடி துடைக்க உங்கள் பழைய பருத்திப் புடவையில் ஒரு துண்டு கிழித்து அனுப்புங்கள். துவைக்க வேண்டாம், உங்கள் வாசனை போய்விடும்.

ஆய்வுக்கூட வண்டி வந்துவிட்டது.

கோழிப்பீ நோண்டும்
உங்கள் மூத்த மகள்