பதினாலாம் நம்பர் திரும்பும் சந்திப்பு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். வேளைக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தூங்கி, தெம்பாக இருக்கிறாய் என்று நம்புகிறேன். இங்கே நானும் அப்பாவும் நலம். போன ஏழு மாதமாகத் தொலைபேசியில் இதையே சொல்லிக்கொண்டிருந்தேன், அதில் பாதிதான் உண்மை. இன்றைக்கு முழுதும் உண்மை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். தொலைபேசியில் சொன்னால் நீ பாதியில் அழுவாய், நான் சொல்ல வந்ததை விட்டுவிட்டு உன்னைச் சமாதானம் செய்துகொண்டிருப்பேன். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது பார்.

கெட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்குக் கால் புண் ஆறவில்லை, சர்க்கரையால் ஒரு விரலை எடுத்தார்கள் என்று சொன்னேனே, அது பொய். வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். நீ அப்போது புது வேலையில் சேர்ந்து பத்து நாள்கூட ஆகவில்லை. உனக்குச் சொல்லக் கூடாது என்று மயக்க ஊசி போடுவதற்கு முன்னால் என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார், அந்த நேரத்தில் மாட்டேன் என்று எந்த மனைவியால் சொல்ல முடியும். வீடியோவில் பேசும்போதெல்லாம் முகத்தை மட்டும் காட்டிச் சமாளித்தோம். நான் செய்தது தப்புதான். திட்ட வேண்டுமானால் இந்த இடத்தில் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு ஆசை தீரத் திட்டிக்கொள், முடித்ததும் எடுத்துப் படி. டிக்கெட் மட்டும் போட்டுவிடாதே. விடுமுறைக்கு எப்போது வருவதாக இருந்தாயோ அப்போது வந்தால் போதும், ஏன் என்று கடைசிவரை படித்தால் உனக்கே தெரியும்.

கால் போனதைவிட அவரை உலுக்கியது பஸ் டிப்போவில் இருந்து வந்த காகிதம். இனி வண்டி ஓட்டத் தகுதியில்லை என்று எழுதியிருந்தார்கள். இருபத்தொன்பது வருஷம் அந்தக் காலால்தான் பிரேக் பிடித்தார். மருத்துவமனையில் செயற்கைக் கால் பொருத்தி, கம்பியைப் பிடித்து நடக்க இரண்டு வாரம் பழக்கினார்கள், அங்கே நன்றாகவே நடந்தார். வீட்டுக்கு வந்து அந்தக் காகிதத்தைப் படித்த அன்றைக்குக் காலைக் கழற்றி அலமாரிப் பக்கத்தில் நிறுத்தினார், அவ்வளவுதான். சாக்ஸ் மாட்டியபடி அது பாட்டுக்கு விருந்தாளி மாதிரி நின்றுகொண்டிருந்தது. இவர் பின்அறையில் நாற்காலியைச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துவிட்டார். தெருவில் பஸ் போகிற சத்தம் கேட்கக் கூடாது என்று ஜன்னலையும் சாத்தச் சொன்னார். சாப்பாடு வேண்டும், வேண்டாம், விளக்கை அணை, இந்த மூன்று பேச்சுதான் வீட்டில். நானும் விட்டுப் பிடிக்கலாம் என்று ஒன்றரை மாதம் பார்த்தேன், பிறகு ஒன்றரை மாதம் கெஞ்சினேன், அதற்கும் பிறகு சண்டை போட்டேன். எதற்கும் மசியவில்லை.

இப்படி இருக்கும்போது எங்கள் அச்சகத்துக்கு ஒரு வேலை வந்தது. நகரத்துச் சுவர்களில் பெரிய பெரிய படம் வரைகிற ஒரு பெண், முப்பது வயது இருக்கும், நகத்தில் எப்போதும் ஏதாவது ஒரு நிறம் ஒட்டியிருக்கும், அச்சகத்தில் எல்லோரும் சுவர்க்காரி என்றுதான் கூப்பிடுவோம், அவளும் அதற்குத் திரும்பிப் பார்ப்பாள். அவள் வரைந்த ஆறு படங்களைப் போஸ்டராக அடிக்கக் கொண்டுவந்தாள். மேம்பாலத் தூணில் லாரி உயரத்துக்கு ஒரு பூனை, கடை ஷட்டரில் கொட்டாவி விடுகிற பெண், விடியற்காலைப் பாலம், மார்க்கெட் சந்திப்பு, இப்படி ஆறும் நம் ஊர்தான். முதல் நாள் ஓட்டத்தில் சிவப்பு மட்டும் ஒரு மயிரிழை தள்ளி விழுந்துவிட்டது, மெஷின்மேன் தலையில் அடித்துக்கொண்டு நிறுத்துவதற்குள் ஒரு கட்டுத் தாள் வீண். தூக்கிப் போடுவதற்காக நான் தாள் நறுக்கும் கட்டிங் மெஷினுக்குப் பக்கத்தில் அடுக்கிவைத்திருந்தார்கள். எட்டி நின்று பார்த்தால் தப்பே தெரியவில்லை. கேட்டுக்கொண்டு ஓரத்தை நறுக்கி வகைக்கொன்றாக ஆறையும் சுருட்டி எடுத்து வந்தேன்.

நான் ஒன்றும் பெரிதாக நினைத்துச் செய்யவில்லை. கூடத்தில் தண்ணீர்க் கசிவால் ஒரு கறை இருக்குமே, நீ சின்ன வயதில் யானை என்பாயே, அதை மறைக்கத்தான் பாலத்தை ஒட்டினேன். ஒட்டிவிட்டுப் பார்த்தால் கூடத்துக்கு ஒரு ஜன்னல் கூடுதலாக வந்த மாதிரி இருந்தது. கொட்டாவிப் பெண்ணை அடுக்களையில் ஒட்டினேன், காலையில் அவளும் நானும் சேர்ந்து கொட்டாவி விடுவோம். பூனையை அப்பா உட்காரும் நாற்காலிக்கு நேர் எதிரே ஒட்டினேன், இதில் கொஞ்சம் குறும்பும் உண்டு, சுவரைத்தானே பார்க்க வேண்டும், பாருங்கள் என்று. இரண்டு நாள் மூச்சு விடவில்லை. மூன்றாம் நாள் நான் வேலைக்குக் கிளம்பும்போது சொன்னார்: "அந்தப் பூனை என்னையே பாக்குது. எடுத்துடு." சோறு, விளக்கு தவிர அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது. எனக்குக் கோபமே வரவில்லை. பூனையை வாசல் பக்கம் மாற்றிவிட்டு அந்த இடத்தில் மார்க்கெட் சந்திப்பை ஒட்டினேன். மணிக்கூண்டு, பழக்கடைகள், குடை பிடித்தபடி சாலையைக் கடக்கிறவர்கள், நடுவில் நம் பதினாலாம் நம்பர் பஸ் இடது பக்கம் திரும்புகிறது. அப்பா எத்தனை வருஷம் ஓட்டிய பஸ் அது.

சாயங்காலம் நான் வீட்டுக்குள் நுழைகிறேன், நாற்காலி சுவரை ஒட்டி நகர்ந்திருக்கிறது. "இது தப்பு," என்றார். என்ன தப்பு என்று கேட்டேன். பதினாலு அங்கே இடது பக்கம் திரும்பவே திரும்பாதாம், அந்தத் தெரு ஒருவழிப் பாதையாம், நேராகப் போய்த் தபால் நிலையத்தைச் சுற்றித்தான் வர வேண்டுமாம், ஊர் தெரியாதவர்கள் எல்லாம் ஊரை வரையக் கிளம்பிவிட்டார்களாம். அரை மணி நேரம் பேசினார் மகளே, அரை மணி நேரம். நான் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. என்னிடம் சொல்லி என்ன பயன், வரைந்தவளிடம் சொல்லுங்கள் என்றேன். அழைத்து வா என்றார்.

மறுநாள் சுவர்க்காரியிடம் இதைச் சொன்னேன், கோபித்துக்கொள்வாளோ என்று இருந்தது. அவள் சிரித்துவிட்டுச் சனிக்கிழமையே வந்துவிட்டாள். கால் விஷயம் அவளுக்குத் தெரியாது, அப்பா போர்வையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு பேரும் படத்துக்கு முன்னால் வழக்கு நடத்தினார்கள். நான் அந்தத் தெருவில் எத்தனை வருஷம் ஓட்டினேன் என்று இவர் சொல்ல, மூன்று மாதத்துக்கு முன்னாலேயே ஒருவழிப் பாதையை எடுத்துவிட்டார்கள், தினமும் அந்த பஸ்ஸில்தான் வருகிறேன் என்று அவள் சொல்ல, இவர் நம்பவில்லை. கடைசியில் அவள், "நம்பலைன்னா நேர்ல வந்து பாருங்க டிரைவர் சார்," என்று சொல்லிவிட்டாள். அவள் கண் அலமாரிப் பக்கம் போனது, அங்கே கால் நிற்கிறது. இப்போது ஐயோ பாவம் என்று ஒரு வார்த்தை சொன்னாலும் இவர் மறுபடி சுவருக்குள் போய்விடுவார். அவள் அதைச் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் காலைப் பார்த்தாள், பிறகு அவரைப் பார்த்து, "கீழ இறங்க எத்தனை படி?" என்று கேட்டாள். "அம்பத்தி நாலு," என்றார் அப்பா. தினமும் மூன்று மாடி ஏறி இறங்கும் எனக்கே அந்தக் கணக்கு தெரியாது. மனிதர் மனதுக்குள் எத்தனை தடவை இறங்கியிருக்கிறார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் போன பிறகு அடுக்களைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்சம் அழுதேன், உன்னிடம் சொல்வதற்கென்ன.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தக் காலை எடு என்றார். மாட்டியதும் வலித்தது, பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்தார். மருத்துவமனையில் விசாரித்தேன், ஒரேயடியாக வேண்டாம், சிறுகச் சிறுக நடக்கட்டும் என்றார்கள். பின்அறையிலிருந்து அடுக்களைக் கொட்டாவிப் பெண் வரை, பிறகு கூடத்துப் பாலம் வரை, பிறகு வாசல் பூனை வரை. இரண்டு வாரம் இப்படி வீட்டுக்குள்ளேயே ஊர் சுற்றினார். ஒருநாள் வழுக்கி விழுந்தார், பதறிப்போய் ஓடினேன், விழுந்த இடத்திலிருந்தே பாலத்தில் விளக்குக் கம்பங்கள் ஒன்று குறைகிறது என்றார். எனக்குத் தைரியம் வந்துவிட்டது.

மூன்றாவது ஞாயிறு இறங்கினோம். நான் ஒரு படி முன்னால், அவர் கைப்பிடியைப் பிடித்தபடி பின்னால். இரண்டாவது மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்கியது, மடக்கு நாற்காலியை விரித்து உட்கார வைத்தேன். எதிரே காரை பெயர்ந்த சுவர். "இங்க பாக்க ஒண்ணுமே இல்லையே," என்று குறைபட்டார். நிறுத்தத்தில் நின்றோம், பதினாலு வந்தது, டிரைவர் புதியவன், அப்பாவைத் தெரியாது. முன் இருக்கையில் உட்கார்ந்தோம். மார்க்கெட் நெருங்க நெருங்க அப்பாவின் வலது தொடை இறுகியதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன், இல்லாத காலால் பிரேக் பிடிக்கிறார். சந்திப்பில் வண்டி மெதுவாகி, அகலமாக எடுத்து, இடது பக்கம் திரும்பியது.

நான் அவர் முகத்தைப் பார்க்கப் பயந்தேன். தோற்றுவிட்டோம் என்று நினைப்பாரோ, தன்னை விட்டுவிட்டு ஊர் போய்விட்டது என்று நினைப்பாரோ என்று. அவர் ஜன்னல் வழியே திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டு, "நல்லா ஒடிச்சான்," என்றார். கொஞ்சம் பொறுத்து, "தபால் ஆபீஸைச் சுத்தறது மிச்சம். நான் எத்தனை தடவை எழுதிக் குடுத்தேன் தெரியுமா, இந்தப் பாதையை மாத்துங்கன்னு," என்றார். அவர் கண் நிறைந்திருந்தது, சிரிக்கவும் சிரித்தார். கடைசி நிறுத்தம் வரை போய் அதே பஸ்ஸில் திரும்பி வந்தோம், அவர் அந்தத் திருப்பத்தை இன்னொரு தரம் பார்க்க வேண்டும் என்றார்.

வீட்டுக்கு வந்து மூச்சு வாங்கியதும் சுவர்க்காரிக்குத் தொலைபேசி போடச் சொன்னார். நீ சொன்னதுதான் சரி என்று ஒத்துக்கொண்டார், உடனே, ஆனால் படத்தில் பஸ்ஸுக்கு ஒரு பக்கக் கண்ணாடி இல்லை, அது இல்லாமல் எந்த டிரைவரும் அந்தத் திருப்பத்தில் வண்டியை விடமாட்டான் என்றார். இரண்டாம் பதிப்பில் அவள் கண்ணாடியை வரைந்துவிட்டாள். அந்தத் தாள்களை நான்தான் நறுக்கினேன், இந்த வயதில் கட்டிங் மெஷினுக்கு முன்னால் நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தேன்.

இப்போது தினமும் காலையில் இறங்குகிறார். ஒவ்வொரு மாடித் திருப்பத்திலும் ஒரு போஸ்டர் ஒட்டிவிட்டோம், அவர் நின்று மூச்சு வாங்கும் இடத்துக்கு நேராக. பொதுச் சுவரில் ஒட்டக் கூடாது என்று குடியிருப்புச் சங்கச் செயலாளர் சண்டைக்கு வந்தார். அப்பா ஒவ்வொரு படத்திலும் எது எந்தத் தெரு, எந்த பஸ் போகும் என்று அவருக்கு முக்கால் மணி நேரம் விளக்கினார். தப்பித்தால் போதும் என்று போனவர், மறுநாள் தன் வீட்டு வாசலுக்கும் ஒன்று கேட்டு வந்தார். அடுத்த மாதத்திலிருந்து அப்பாவை டிப்போவில் புது டிரைவர்களுக்குப் பாதை சொல்லிக் கொடுக்கும் அறையில் வேலைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள், அவராகவே போய்க் கேட்டார். நேற்று ராச்சாப்பாட்டின்போது, "எழுதிடு. கால் போனதையும் எழுதிடு," என்றார். அதனால்தான் இந்தக் கடிதம்.

உன் வீட்டைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். போன தடவை வீடியோவில் பார்த்தேன், உன் பின்னால் இருக்கும் சுவர் பிணவறைச் சுவர் மாதிரி வெறிச்சோடிக் கிடக்கிறது. ஆணி அடிக்க வீட்டுக்காரர் விடமாட்டார் என்றால் குறுக்கே ஒரு கயிறு கட்டிக் கிளிப் போட்டுத் தொங்கவிடு. டேப் ஒட்டுவதானால் காகித டேப் ஒட்டு, மற்றது வண்ணத்தைப் பிய்த்துக்கொண்டு வரும். முதலில் ஒன்றே ஒன்று மாட்டு, நின்றால் உன் கண் உயரத்துக்கு அல்ல, நீ உட்காரும் இடத்திலிருந்து பார்த்தால் தெரிகிற உயரத்துக்கு. ஊரில் எல்லோரும் வாங்குகிற கோபுரம், பாலம் படம் வேண்டாம், நீ நடக்கிற தெருவில் யாராவது சுவரில் எதையாவது வரைந்திருப்பார்கள், அதைத் தேடு. புது ஊரில் தனியாக இருக்கிறவளுக்கு அந்தத் தெரு வீட்டுக்குள் இருந்தால் நல்லது. இந்தக் கடிதத்தோடு சந்திப்பின் இரண்டாம் பதிப்பைச் சுருட்டி அனுப்புகிறேன், நான் நறுக்கியது, அப்பா சொல்லிப் பக்கக் கண்ணாடி ஏறியது.

இரும்புச்சத்து மாத்திரையை விடாதே. ஞாயிறு தவறாமல் கூப்பிடு, இனி முழு ஆளையும் காட்டுவோம். நீ நினைத்த உயரத்துக்குப் போவாய், எனக்குச் சந்தேகமே இல்லை, எங்கள் இருவர் ஆசியும் உன்னோடு எப்போதும் இருக்கிறது. உன் தெருவின் படம் கிடைத்தால் ஒன்று அனுப்பி வை, பின்அறையில் கட்டில் தலைமாட்டில் இடம் விட்டு வைத்திருக்கிறோம். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து கேட்கச் சொல்கிறார்: நீ எந்த நம்பர் பஸ்ஸில் வேலைக்குப் போகிறாய், எங்கே ஏறுகிறாய், எந்தச் சந்திப்பில் திரும்புகிறது. ஒன்று விடாமல் எழுதுவாயாம்.

என்றும் உன் நினைவோடு,
அம்மாவும், பக்கத்தில் அப்பாவும்