ஆபீசர் கவ்வ மாட்டார்

மார்ச் 3, செவ்வாய்

குடியிருப்புச் சங்கச் செயலாளர் காலை ஏழு மணிக்கே வாசலில். ஒரு காலில் ஷூ, மறு காலில் சாக்ஸ் மட்டும். இன்னொரு ஷூ எங்கள் கூடத்தின் நடுவில் இருந்தது. அதன்மேல் மோவாயை வைத்துப் படுத்திருந்தது எங்கள் நாய், ஆபீசர். என்ன சொன்னாலும் "பார்க்கலாம்" என்பதுபோல் முகத்தை வைத்துக்கொள்வான் என்று என் வீட்டுக்காரர் வைத்த பெயர்.

"இவன் தூக்கினது இதோட ஏழு, டாக்டர். கமிட்டியில முடிவு பண்ணிட்டோம். ஏப்ரல் பதினஞ்சுக்குள்ள நாய்ப் பயிற்சி மன்றத்துல சர்டிபிகேட் வாங்கிடுங்க. இல்லேன்னா நாயை வேற எங்கேயாவது விட்டுடுங்க."

ஐந்து வருடமாக எங்கள் கட்டிலுக்கடியில் தூங்குகிறவனை எங்கே விடுவது?

வீட்டுக்காரர் மட்டும் சிரித்தார். "எனக்கு டிரைவிங் லைசென்ஸே நாலாவது தடவைதான் கிடைச்சுது. இவன் எம்மாத்திரம்?"

மார்ச் 8, ஞாயிறு

மன்றத்தில் பயிற்சியாளர் அம்மா. குரல், மைதானத்தின் அந்தக் கோடி வரை கேட்கும். தேர்வில் ஆறு பகுதி. உட்கார், படு, கூடவே நட, கூப்பிட்டால் வா, அசையாமல் இரு. ஐந்தையும் ஆபீசர் இன்றே செய்துவிட்டான். ஆறாவதுதான் வினை. நடுவில் ஒல்லியாகவும் இரண்டு முனையிலும் தடித்தும் இருக்கிற மர டம்பெல்லை வீசினால் ஓடிப்போய்க் கவ்வி வந்து, எதிரில் உட்கார்ந்து, "குடு" என்று சொல்கிறவரை வாயிலேயே வைத்திருக்க வேண்டும். மெல்லக் கூடாது. போடக் கூடாது.

"ஊர் செருப்பையெல்லாம் தூக்குறவனுக்கு இது ஒரு விஷயமா!" என்றேன், பெருமையாக.

ஆபீசர் அதை ஒருமுறை மோந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். முத்திரை இல்லாத மனுவைத் திருப்பி அனுப்புகிற மாதிரி.

மார்ச் 10, செவ்வாய்

ஆபீசர் இன்று மூக்கால் தொட்டார். பிஸ்கட் வாங்கிக்கொண்டார். அலுவலகம் மூடப்பட்டது.

மார்ச் 14, சனி

வாயில் வாங்கினான்! ஒரு நொடி. உடனே தொப்பென்று போட்டான். பிறகு முப்பது தடவை அதே கதை. கீழ்வீட்டிலிருந்து துடைப்பக் கட்டையால் கூரையை இடித்தார்கள்.

என் பிழைப்பு விசித்திரமாகிவிட்டது. பகலெல்லாம் பல் கிளினிக்கில் "வாயைத் திறங்க". சாயங்காலமெல்லாம் வீட்டில் "வாயை மூடுடா". இன்று இரண்டும் குழம்பி, நாற்காலியில் இருந்த தபால்காரரிடம் "கவ்வு, விடாதே" என்று சொல்லிவிட்டேன். பாவம், சொன்னபடி செய்தார். என் ஆள்காட்டி விரல் வீங்கியிருக்கிறது.

மார்ச் 20, வெள்ளி

"பிடிவாதம்" என்றார் பயிற்சியாளர் அம்மா. "நீங்க செல்லம் குடுத்துக் கெடுத்து வச்சிருக்கீங்க. வாயில வச்சுட்டுத் தாடையைக் கையால அமுக்கிப் பிடிங்க."

பிடித்தேன். உதறிக்கொண்டு கட்டிலுக்கடியில் போய்விட்டான். எனக்கும் கோபம். "ஊர்ல உள்ளதையெல்லாம் தூக்கத் தெரியுது, இது மட்டும் கசக்குதா? உன்னைத் தொரத்தப் போறாங்கடா, புரியுதா?" என்று கட்டிலைப் பார்த்துக் கத்தினேன். ஒரு மணி நேரம் வரவில்லை. வந்ததும் வாலை ஆட்டினான்.

மார்ச் 22, ஞாயிறு

எழுதவே கூசுகிறது.

காலையில் நானே செய்து காட்டலாம் என்று நாலு காலில் மண்டியிட்டு டம்பெல்லைக் கவ்வினேன். வீட்டுக்காரர் வீடியோ எடுத்துக்கொண்டே, "இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து உக்காரு, ஆபீசருக்குத் தெரியலை" என்றார். சிரிப்பு வந்து அழுத்திக் கடித்துவிட்டேன். வலது பக்கக் கடைவாயில் சொத்தைக்கு வைத்த பழைய அடைப்பு ஒன்று உண்டு. சுரீர்! மண்டை வரை ஏறிற்று. கட்டையைத் துப்பினேன்.

தொப்பென்று. அவன் போடுகிற மாதிரியே.

அப்போதுதான் உறைத்தது - டார்ச்சை எடுத்து வந்து அவன் உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். இடது மேல் கடைவாய்ப் பல், நீளவாக்கில் பிளந்து கிடக்கிறது. ஈறு சிவந்திருக்கிறது. பால்கனிக் கம்பியைக் கடித்திருப்பான், எப்போதென்று தெரியாது. செருப்பும் ஷூவும் மெத்தென்று இருக்கும், அதனால் தூக்கினான். மரக்கட்டை வலித்திருக்கிறது.

இருபத்திரண்டு வருஷமா பல்லு பார்க்கிறேன். ரெண்டு வாரமா இவன் வாயிலதான் கையை வச்சிருக்கேன். ஒரு தடவை உள்ளே பார்த்தேனா? தாடையை வேற அமுக்கினேனே. நானெல்லாம் ஒரு டாக்டரா?

வீட்டுக்காரர் வீடியோவை அழித்துவிட்டார். நான் அழிக்கச் சொல்லவில்லை.

மார்ச் 23, திங்கள்

கால்நடை மருத்துவர் பல்லை எடுத்துவிட்டார். உள்ளே நின்று, "அந்த வேரை இப்படி நெம்பினா..." என்று ஆரம்பித்தேன். வெளியே உட்காரச் சொன்னார். நாங்கள் கிளம்பும்போது, "எத்தனை நாளா இப்படி இருக்கு?" என்று கேட்டார். நான் செய்கிற தொழிலை மட்டும் அவரிடம் சொல்லவில்லை.

பன்னிரண்டு நாள் கஞ்சிதான். கெட்டியாக எதையும் கவ்வக் கூடாது.

மார்ச் 29, ஞாயிறு

வீட்டுக்காரர் இரண்டு வாடகை வீடு பார்த்துவிட்டு வந்தார். ஒன்று கிளினிக்கிலிருந்து ஒரு மணி நேரம். "தோட்டம் இருக்கு" என்றார். சரி என்றேன். தேர்வு போனால் போகட்டும். இவனை விடுவதாக இல்லை.

ஏப்ரல் 5, ஞாயிறு

டம்பெல்லின் நடுவில் மெல்லிய துணி சுற்றிக் கீழே வைத்தேன். நான் ஒன்றும் சொல்லவில்லை. தானாக வந்து மோந்தான், வலது பக்கமாக வாயைச் சாய்த்து எடுத்தான். நொடிகளை எண்ணினேன். நாலு, ஐந்து... பன்னிரண்டு. பதின்மூன்றில் எனக்குக் கண் கலங்கி எண்ணிக்கை விட்டுப்போயிற்று.

ஏப்ரல் 9, வியாழன்

துணி இல்லாமலும் எடுக்கிறான். கீழ்வீட்டில் அமைதி.

ஏப்ரல் 12, ஞாயிறு

மன்றத்தில் தேர்வு, ஆறாவது பகுதி. வீசினேன். ஓடினான். எடுத்தான். வழியில் நடுவர் அம்மாளின் செருப்பருகே நின்று ஒரு நொடி யோசித்தான். என் உயிர் போய் வந்தது. பிறகு நேரே வந்து எதிரில் உட்கார்ந்தான், கட்டை வாயில். மெல்லவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நானும் அவனையே.

"டாக்டர்" என்றார் நடுவர் அம்மாள். "வாங்கிக்குங்க. அவன் எவ்வளவு நேரம்தான் வச்சிருப்பான்?"

"குடு" என்று சொல்லவே மறந்திருக்கிறேன்.

தேறிவிட்டான். அரை மதிப்பெண் குறைவு, என்னால்.

ஏப்ரல் 16, வியாழன்

கிளினிக்கில் கூட்டம். கடைசியாக ஒரு லாரி ஓட்டுநர், சும்மா சுத்தம் செய்ய வந்தவர். வலி ஏதாவது உண்டா என்றேன். "அதெல்லாம் ஒண்ணுமில்ல டாக்டர்" என்று சிரித்தார். நர்ஸ் கடிகாரத்தைக் காட்டினாள். நான் ஸ்டூலை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இருக்கட்டும்ணா. அவசரமில்ல. எந்தப் பக்கமா மென்னு சாப்பிடுறீங்க, சொல்லுங்க."

"வலது பக்கமாத்தான்" என்றார். பிறகு இடது கன்னத்தைத் தொட்டார்.